பருமனான பாஸ்பீன்கள் தரும் தொல்லைகள்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீன், ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீன், ட்ரைமெசிட்டைல்பாஸ்பீன் எனப் பாஸ்பரஸைச் சுற்றிப் பெரிய தொகுதிகள் நெருக்கியடித்து நிற்கும் பாஸ்பீன்களை, அதாவது மூன்று பிணைப்புள்ள பாஸ்பரஸ் சேர்மங்களை, கையாளுகிற எவருக்கும் ஏறக்குறைய ஒரே கோளாறுகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. நாம் விரும்பும் வினையைக் கொள்ளிட நெருக்கடி மெதுவாக்குகிறது; அந்தத் தாமதத்தில் ஆக்சிஜனும் ஈரமும் அமிலத் தடயமும் முந்திக்கொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் இவற்றைச் சரிசெய்து பார்த்த அனுபவத்தில், வினையின் வெப்பநிலையையோ வினையூக்கியையோ மாற்றியதால் தீர்ந்த கோளாறுகள் சிலவே. குடுவைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்ததால் தீர்ந்தவையே பெரும்பாலானவை.

ஆகவே எந்த அறிகுறி தென்பட்டாலும், கலவையை நீரூற்றி முடிப்பதற்கு முன்பே, அதிலிருந்து அரை மில்லிலிட்டரை ஆர்கானின் கீழ் எடுத்து, மூடிய என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) குழாயில் இட்டு, பாஸ்பரஸ்-31 நிறமாலையை இருமுறை பதிவு செய்ய வேண்டும்: ஒருமுறை புரோட்டான் டீகப்ளிங்குடன் (ஹைட்ரஜன் அணுக்களால் முகடு பிளவுபடுவதை நீக்கும் முறை), மறுமுறை அது இல்லாமல். இரண்டாவது பதிவைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். கீழே உள்ள கிளைகளில் பாதி அந்த இரண்டாவது பதிவு இல்லாமல் பிரிக்க முடியாதவை.

## எந்த அறிகுறிக்கும் முன்: உடனே நிறுத்தி உதவி கேட்க வேண்டிய நிலைகள்

ஊசி முனையிலோ மூடியின் ஓரத்திலோ புகை எழுந்தால் அந்த வினையைத் தொடர வேண்டாம். டெர்ட்-பியூட்டைல்லித்தியமும் ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீனும் காற்றுபட்டாலே தீப்பற்றக்கூடியவை. அடியில் வெண்ணிறக் கட்டிகள் படிந்த, மூடி இறுகிய பழைய டெர்ட்-பியூட்டைல்லித்தியம் புட்டியை அறிந்தவர் துணையின்றித் திறக்கவோ அழிக்கவோ கூடாது. ஆய்வகப் பாதுகாப்பு அலுவலரை அழைப்பதே சரி. ஓரிணைய, ஈரிணைய பாஸ்பீன்களின் கடும் நாற்றம் புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே வந்துவிட்டால், நாற்றத்தின் மூலத்தைத் தேடி அலையாமல் அறையை விட்டு வெளியேறி அவரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி 1: நிறமாலையில் எதிர்பாராத முகடு

### டீகப்ளிங்கை நிறுத்தியும் பெரிதாகப் பிளவுபடாத முகடு

பெரும்பாலும் இது ஆக்சைடு, அதாவது ஆக்சிஜன் ஏறிய பாஸ்பீன். ட்ரைபினைல்பாஸ்பீன் −5 பிபிஎம் (நிறமாலையில் முகடு நிற்கும் இடத்தைக் குறிக்கும் அலகு) அருகிலும் அதன் ஆக்சைடு 25 முதல் 30 வரையிலும் தெரியும். ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீன் 10 அருகிலும் அதன் ஆக்சைடு 45 முதல் 50 வரையிலும் தெரியும். உங்கள் சேர்மத்தின் ஆக்சைடு எங்கே வரும் என்று தெரியாவிட்டால் ஊகிக்கத் தேவையில்லை: சில மில்லிகிராமை எடுத்து, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி சேர்த்து வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றம் செய்து, அந்த நிறமாலையை ஐயத்துக்குரிய நிறமாலையின் மேல் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. ட்ரைஆல்கைல்பாஸ்பீன்கள் காற்றோடு தனியுறுப்புப் பாதையிலும் வினைபுரிந்து பாஸ்பினேட்டு எஸ்டர்களைத் தரும் என்பதால், பெராக்சைடு மாதிரியில் இல்லாத ஒரு முகடு உங்கள் கலவையில் இருந்தால், காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே வந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

ஆக்சைடு என்று உறுதியானபின் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் புட்டியிலுள்ள பாஸ்பீனையே வாயு நீக்கிய டியூட்டரோபென்சீனில் கரைத்துப் பாருங்கள். வாங்கிவந்த ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீனில் தொடக்கத்திலேயே ஆக்சைடு இருப்பது மிகச் சாதாரணம். அது தூய்மையாக இருந்தால் அடுத்து கரைப்பான்: ஈதர் வகைகளைப் பெராக்சைடுப் பட்டையால் சோதித்து, பின் உறைய வைத்து, வெற்றிடமிழுத்து, உருக்கும் சுற்றை மூன்று முறை செய்யுங்கள். வெறுமனே ஆர்கானைக் குமிழியிட்டது பருமனான ஆல்கைல்பாஸ்பீன்களுக்குப் போதாமல் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதன்பின் ரப்பர் மூடிகளும் குழாய்களும்: பலமுறை ஊசி குத்திய மூடி மூடியே அல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் கையுறைப் பெட்டியை ஐயுற வேண்டும். சோடியம் பென்சோபீனோன் கீட்டைலின் ஆழ்ந்த நிறக் கரைசலில் ஒரு துளியைப் பெட்டிக்குள் நீர்த்த டெட்ராஹைட்ரோபியூரானில் விட்டால் நிறம் நிலைக்க வேண்டும். உடனே வெளுத்தால் அந்தக் கரைப்பானோ பெட்டியின் வளிமண்டலமோ கெட்டிருக்கிறது; நல்லதென உறுதியான வேறொரு கரைப்பானில் மறுமுறை செய்தால் எது என்று தெரியும். ஆவியாகும் பாஸ்பீன்கள் பெட்டியைத் தூய்மைப்படுத்தும் செப்பு வினையூக்கியை நஞ்சாக்கும். அவற்றைத் திறந்து வைத்து வேலை செய்யும்போது வாயுச் சுழற்சியை நிறுத்தி, வேலை முடிந்தபின் பெட்டியைப் புதிய வாயுவால் அலசிவிட்டுத்தான் மீண்டும் இயக்க வேண்டும். ஹைட்ரஜன் கலந்த வாயுவால் ஒருமுறை புதுப்பித்தும் ஆக்சிஜன் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்காவிட்டால், பெட்டிப் பொறியாளரை அழைக்க வேண்டிய கட்டம் அதுவே.

ஆக்சைடு கலந்த ட்ரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வாயு நீக்கிய எத்தனாலில் மறுபடிகமாக்கலாம். கார்பன் டைசல்பைடோடு அது செந்நிறக் கூட்டுச்சேர்மமாகப் படிகமாகும். ஆக்சைடு அவ்வாறு ஆகாது. வடிகட்டியபின் எத்தனாலில் சூடாக்கினால் பாஸ்பீன் மீளும். ஆனால் கார்பன் டைசல்பைடின் ஆவி சூடான நீராவிக் குழாயில் பட்டாலே தீப்பற்றும். சிறிய அளவுக்கு மறுபடிகமாக்கலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

### 400 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டாகப் பிளவுபடும் முகடு

பாஸ்பரஸில் நேரடியாக ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. மேலும் அந்தப் பாஸ்பரஸ் நான்கு பிணைப்புகளோடு இருக்கிறது. அது புரோட்டான் ஏறிய பாஸ்போனியம் உப்பாகவோ, ஈரிணைய பாஸ்பீன் ஆக்சைடாகவோ இருக்கலாம். ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்போனியம் 50 முதல் 60 பிபிஎம் வரை, ஏறத்தாழ 430 ஹெர்ட்ஸ் பிளவோடு வரும். டை-டெர்ட்-பியூட்டைல்குளோரோபாஸ்பீன் நீராற்பகுந்து தரும் ஈரிணைய ஆக்சைடும் கிட்டத்தட்ட அதே பிளவோடு 60 முதல் 70 வரை வரும் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் தவறு நேரும். டிபியூ போன்ற வலிய காரம் இரண்டு துளி சேர்த்து மீண்டும் பதிவு செய்யுங்கள். பாஸ்பீனின் முகடு திரும்பினால் அது உப்பு. எதுவும் மாறாவிட்டால் ஆக்சைடு. ட்ரைஎத்தில்அமீனை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம்: ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்போனியத்தின் அமில மாறிலி எண் 11.4, ட்ரைபினைல்பாஸ்போனியத்தின் எண் 2.7. முன்னதிலிருந்து புரோட்டானை முழுதாகப் பறிக்க ட்ரைஎத்தில்அமீனுக்கு வலு போதாது.

உப்பு என்று தெரிந்தால், மிக எளிய காரணம் டியூட்டரோகுளோரோபார்ம். அதிலுள்ள அமிலத் தடயமே போதும். நான் ஒருமுறை மூன்று வாரங்கள் ஒரு தொகுப்பு வழியையே குறை கூறிக்கொண்டிருந்தேன்; குற்றம் முழுவதும் என்.எம்.ஆர். கரைப்பானுடையது. டியூட்டரோபென்சீனில் மீண்டும் பதிவு செய்து உப்பு மறைந்தால் வேலை முடிந்தது.

மறையாவிட்டால், உங்கள் ஆல்கைல் ஹேலைடைப் பாருங்கள். ட்ரைபினைல்பாஸ்பீன் கார்பனைத் தாக்கி நான்கிணைய உப்பைத் தரும் இடத்தில், பருமனான பாஸ்பீன் கார்பனை நெருங்க முடியாமல் காரமாகச் செயல்பட்டு, பக்கத்து ஹைட்ரஜனைப் பறித்து ஆல்கீனை வெளியேற்றிவிடும். புரோட்டான் நிறமாலையில் 4.5 முதல் 6 பிபிஎம் வரையில் ஆல்கீன் முகடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், சூடாக்குவதும் நேரத்தை நீட்டிப்பதும் நிலைமையை மோசமாக்கவே செய்யும். மெத்தில் அல்லது பென்சைல் ஹேலைடு போல நீக்கத்துக்கு வழியில்லாத துணையைத் தேர்ந்தெடுங்கள்; இல்லாவிட்டால் பருமன் குறைந்த பாஸ்பீனுக்கு மாறுங்கள்.

### 180 முதல் 220 ஹெர்ட்ஸ் வரை பிளவுபடும் முகடு

மூன்று பிணைப்புள்ள பாஸ்பரஸில் ஹைட்ரஜன்: ஈரிணைய பாஸ்பீன். டை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீன் 20 பிபிஎம் அருகில் வரும். இது எப்படி உருவாகிறது என்பதை அறிகுறி 2இல் சொல்கிறேன்.

### குளோரோபாஸ்பீன் பகுதியில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று முகடுகள்

மெசிட்டைல்மெக்னீசியம் புரோமைடை பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடோடு சேர்த்தவர்களும், ஆரைல் புரோமைடைப் பியூட்டைல்லித்தியத்தால் லித்தியமாக்கிச் சேர்த்தவர்களும் இந்தக் காட்சியைக் கண்டு கலங்குவது வழக்கம். பெரும்பாலும் இது மாசு அல்ல. குளோரினும் புரோமினும் இடம் மாறியதால் டைகுளோரோ, புரோமோகுளோரோ, டைபுரோமோ வடிவங்கள் கலந்து நிற்கின்றன. அடுத்த படியில் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடால் ஒடுக்கப்போகிறீர்கள் அல்லது மற்றொரு கார்பன் தொகுதியை ஏற்றப்போகிறீர்கள் என்றால் அப்படியே தொடருங்கள். மூன்றும் ஒரே விளைபொருளைத்தான் தரும். ஒற்றைச் சேர்மமே வேண்டுமானால் குளோரைடு கிரிக்னார்டுக்கு (கரிம மெக்னீசியம் குளோரைடுக்கு) மாறுங்கள், அல்லது முழுவதும் புரோமைடாக, பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடோடு செய்யுங்கள். கலவையை வடித்துப் பிரிக்க முயன்று நாளைக் கழிக்க வேண்டாம்.

## அறிகுறி 2: மூன்றாவது தொகுதி ஏற மறுக்கிறது

ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீன் செய்ய முயன்று 146 பிபிஎம் அருகில் டை-டெர்ட்-பியூட்டைல்குளோரோபாஸ்பீனே நின்றுகொண்டிருப்பது இந்தத் துறையின் மிகப் பழைய தொல்லை. முதலில், டெர்ட்-பியூட்டைல்மெக்னீசியம் குளோரைடு மட்டுமே சேர்த்திருந்தால் அது தவறு அல்ல, இயல்பு: கிரிக்னார்டு ஈதரில் இரண்டாவது தொகுதியோடு நிற்பது வழக்கம். மூன்றாவதற்கு டெர்ட்-பியூட்டைல்லித்தியம் வேண்டும், அல்லது கிரிக்னார்டுக்குச் செப்பு உப்பின் துணை வேண்டும்.

லித்தியச் சேர்மத்தையே பயன்படுத்தியும் நின்றால், அதன் செறிவை அளந்தீர்களா? புட்டியில் 1.7 மோலார் என்று எழுதியிருப்பது அது நிரப்பப்பட்ட நாளின் கணக்கு. டைபினைல்அசிட்டிக் அமிலத்தை நிறுத்து எடுத்து, நிலைத்த மஞ்சள் நிறம் வரும்வரை தரம்பாருங்கள். இருமுறை செய்து இரண்டும் ஒத்துவந்தால்தான் நம்புங்கள். அடுத்த ஐயம் கரைப்பான். டெர்ட்-பியூட்டைல்லித்தியம் டெட்ராஹைட்ரோபியூரானில் −20 டிகிரி செல்சியஸிலேயே ஏறத்தாழ 40 நிமிடங்களில் பாதியாகிவிடும். உங்கள் பாஸ்பரஸ் வினையோ அதைவிட மெதுவானது. கரைப்பானே வினைபொருளைத் தின்றுவிடுகிறது. பென்டேன், ஹெக்சேன் போன்ற ஹைட்ரோகார்பன்களுக்கு மாறினால் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலேயே கோளாறு தீர்ந்துவிடும்.

குளோரோபாஸ்பீன் மறைந்திருந்தும் விளைபொருள் வரவில்லை என்றால் எங்கே போயிற்று என்று பாருங்கள். 20 பிபிஎம்மில் 200 ஹெர்ட்ஸ் பிளவோடு முகடு இருந்தால், டெர்ட்-பியூட்டைல் தொகுதி தன்னை ஏற்றுவதற்குப் பதில் ஒரு ஹைட்ரைடைக் கொடுத்துவிட்டு ஐசோபியூட்டிலீனாகப் போயிருக்கிறது. 40 அருகில் பிளவற்ற முகடு இருந்தால் இரண்டு பாஸ்பரஸ்கள் தம்முள் இணைந்து டைபாஸ்பேன் ஆகிவிட்டன. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: குளிரில், மெதுவாக, வலுவாகக் கலக்கிக்கொண்டு சேர்ப்பது. 60க்குச் சற்று மேலே உள்ள முகடே நீங்கள் தேடும் பாஸ்பீன்.

வடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்தப் பாஸ்பீன் 30 டிகிரி செல்சியஸ் அருகில் உருகும். குளிர்ந்த நீர் ஓடும் குளிர்விப்பானில் அது உறைந்து குழாயை அடைத்துவிடும். குளிர்விப்பானில் 40 டிகிரி நீரை ஓடவிடுங்கள். வெற்றிடத்தை ஆர்கானால் மட்டுமே உடையுங்கள். கண்ணாடிக் கருவி அடைபட்டுவிட்டால் சூடாக்கும் துப்பாக்கியோடு நெருங்காமல், முதலில் சூட்டை அகற்றி ஆறவிட்டு, மூத்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தொடருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, பாஸ்பீன் உங்கள் ஆய்வின் நோக்கமல்ல, ஒரு கருவி மட்டுமே என்றால், அதன் டெட்ராபுளோரோபோரேட்டு உப்பை வாங்கிவிடுங்கள். காற்றில் நிலைத்த அந்த உப்புகளை கிரெகரி ஃபூவின் குழு 2001இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தபின், பாஸ்பீனையே செய்தாக வேண்டிய தேவை பெரும்பாலான ஆய்வகங்களுக்கு இல்லாமல் போயிற்று.

## அறிகுறி 3: முகடே தெரியவில்லை, அல்லது அகன்று கிடக்கிறது

### ஒன்றுமே தெரியவில்லை

நிறமாலையின் சாளரத்தைப் பாருங்கள். வழக்கமான அமைப்பு 200 அல்லது 250 பிபிஎம்மோடு முடிந்துவிடும். மசாகி யோஷிஃபுஜியின் குழு 1981இல் வெளியிட்ட, 2,4,6-ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பினைல் தொகுதிகள் தாங்கும் டைபாஸ்பீன் (இரண்டு பாஸ்பரஸ்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்த சேர்மம்) 490 பிபிஎம்முக்கு மேலே வருகிறது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது பூஜ்ஜியத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. மையத்தை 400க்கு நகர்த்திப் பதிவு செய்யுங்கள். மாறாக, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு விந்தையான முகடு தெரிந்தால், சாளரத்தின் அகலத்தை மாற்றிப் பாருங்கள்: முகடு இடம்பெயர்ந்தால் அது வெளியிலிருந்து மடிந்து விழுந்த நிழல்.

சாளரம் சரியாக இருந்தும் முகடில்லை, கரைசலோ ஆழ்ந்த நிறத்தில் இருக்கிறது என்றால், ஓர் எலக்ட்ரான் இழப்பை ஐயுறுங்கள். ட்ரைமெசிட்டைல்பாஸ்பீன் ஓர் எலக்ட்ரானை இழந்து நிலைக்கக்கூடிய தனியுறுப்பு நேரயனி ஆகும், அதை என்.எம்.ஆர். காட்டாது. வெள்ளி உப்போ இரும்பு உப்போ சேர்த்திருந்தால் ஐயம் வலுக்கிறது. இந்தக் கட்டத்தில் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவியை இயக்குபவரிடம் போக வேண்டும்; என்.எம்.ஆரில் மேலும் நேரம் செலவிடுவதில் பயனில்லை.

### அகன்ற முகடு

மாதிரியை டியூட்டரோடொலுயீனில் கரைத்து −80 வரை குளிர்வித்தும், பின் 80 வரை சூடாக்கியும் பாருங்கள். குளிரில் பல கூரிய முகடுகளாகப் பிரிந்து சூட்டில் ஒன்றாகக் கூடினால், அவை நெருக்கடியால் சுழற்சி தடைபட்ட ஒரே சேர்மத்தின் வடிவங்கள். மாசு என்று எண்ணி நிரலில் ஏற்றிவிடாதீர்கள். சிலிக்கா நிரலில் ஏற்றினால் அதுவரை இல்லாத ஆக்சைடு அப்போதுதான் உண்டாகும். வெப்பநிலைக்கு முகடு அசையவே இல்லை என்றால் வடிகட்டிப் பாருங்கள். மிதக்கும் நுண்திண்மமோ இரும்புத் துகளோ காரணமாக இருக்கும்.

### முகடு இருக்கிறது, பரப்பளவு பொய் சொல்கிறது

விளைச்சல் 90 விழுக்காடு என்று நிறமாலை காட்ட, தனித்தெடுத்தது 60 என்றால், துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வு நேரம் போதவில்லை. ஹைட்ரஜன் நேரடியாக இணையாத பாஸ்பரஸ் அணுக்கள் மெதுவாகவே தளர்கின்றன. தரவு சேகரிக்கும் நேரத்தில் மட்டும் டீகப்ளிங்கை இயக்கி, ஓய்வு நேரத்தை 30 நொடிக்கு மேல் வைத்து மீண்டும் பதிவு செய்யுங்கள்.

## அறிகுறி 4: போரேன் காப்புத் தொகுதி கழலவில்லை

பாஸ்பீனைக் காற்றிலிருந்து காக்க அதோடு போரான் ஹைட்ரைடான போரேனைப் பிணைத்து வைப்பதுண்டு. அகன்ற நான்முகடு இன்னும் அப்படியே இருக்கிறது என்றால் போரேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாப்கோ என்னும் அமீன் ட்ரைஆரைல் வகைகளுக்கு நன்றாக உதவும். எலக்ட்ரான் செறிந்த பருமனான ட்ரைஆல்கைல் வகைகளிடம் தோற்கும். முதலில் டாப்கோவை அதிகமாக்கி 60 டிகிரியில் ஓர் இரவு. பிறகு மார்போலினிலோ டைஎத்தில்அமீனிலோ கொதிநிலையில். அதற்கும் மசியாவிட்டால் டைகுளோரோமீத்தேனில் டெட்ராபுளோரோபோரிக் அமிலத்தின் ஈதர் கூட்டுச்சேர்மம். கடைசி வழியில் வாயு வெளிவரும் என்பதால் குடுவையை மூடி வைக்கக் கூடாது. அமில வழிக்குப் பின் 400 ஹெர்ட்ஸ் பிளவுள்ள முகடு தெரிந்தால் கலங்க வேண்டாம்: போரேன் போய்விட்டது, இடத்தில் புரோட்டான் இருக்கிறது, வலிய காரத்தால் அதை நீக்குங்கள்.

## அறிகுறி 5: பல்லேடியத்தோடு சேர்த்தபின் வினை நின்றுபோகிறது

கரைசல் கறுத்தால், பாஸ்பீனுக்குப் பதில் அதன் டெட்ராபுளோரோபோரேட்டு உப்பைச் சேர்த்தவர் அதற்குரிய கூடுதல் காரத்தைச் சேர்த்தாரா என்பதே முதல் கேள்வி. அடுத்தது விகிதம், ட்ரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீனை ஒரு பல்லேடியத்துக்கு இரண்டாகச் சேர்க்கும் பழக்கம் பல வினைகளை மந்தமாக்குகிறது, ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிப் பாருங்கள். ட்ரை-ஆர்த்தோ-டோலைல்பாஸ்பீனைப் பல்லேடியம் அசிட்டேட்டோடு சூடாக்கியவர்கள் 35 பிபிஎம் அருகில் புதிய முகட்டைக் கண்டால், அது மெத்தில் தொகுதி உலோகத்தோடு பிணைந்த வளையச் சேர்மம். ஹெர்மனும் பெல்லரும் 1995இல் அதையே வினையூக்கியாக வெளியிட்டார்கள். ஆக அது கோளாறு அல்ல. வெப்பநிலையை உயர்த்திப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: டைபாஸ்பீனின் ஆரஞ்சு நிறம் வெளுக்கிறது

முதலில் விளக்கை அணையுங்கள். ஒளி இந்த மூலக்கூறின் இரு தொகுதிகளையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பும். அறை வெப்பநிலையில் அது மீளும். ஆனால் நீண்ட ஒளியிலும் சூட்டிலும் பாஸ்பரஸ் அருகிலுள்ள டெர்ட்-பியூட்டைல் தொகுதியின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்குள் புகுந்து வளையமாகிவிடும். அப்படி நடந்தால் எதிர்க்குறிப் பகுதியில் 180 ஹெர்ட்ஸ் அளவில் பிளவுபட்ட முகடு தெரியும், அது மீளாது. குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

இருட்டிலும் வெளுத்தால் காற்றையும் அமிலத்தையும் அறிகுறி 1இல் சொன்ன வரிசையிலேயே தேடுங்கள். டைகுளோரோபாஸ்பீனை மெக்னீசியத்தால் ஒடுக்கிச் செய்பவர்கள் மிச்ச மெக்னீசியத்தை வினை முடிந்த உடனே வடிகட்டிவிட வேண்டும். நிறம் நிலைத்தும் நிறமாலை இரட்டைப் பிணைப்பா ஒற்றைப் பிணைப்பா என்று தெளிவாகச் சொல்லாத நிலை வந்தால், படிகத்தை வளர்த்து எக்ஸ்-கதிர்ப் படிகவியலாளரிடம் கொடுங்கள்: இரண்டு பாஸ்பரஸ்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு 2.2 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்க, யோஷிஃபுஜியின் சேர்மத்தில் அது 2.034 ஆங்ஸ்ட்ராம், அவ்வளவு வேறுபாட்டைப் படிகம் ஐயமின்றிக் காட்டும். படிகத்தை எண்ணெயில் மூழ்கடித்து, இருட்டில், குளிரில் எடுத்துச் செல்லுங்கள்.